ஐந்து பேரில் மூன்று பேர்

ஜூலை 8, திங்கள்
மாடிப்படிக்குக் கீழே விளையாட்டுச் சாமான் போட்டுவைக்கும் அறைதான் எனக்குக் கிடைத்திருக்கிறது. மூன்றாம் வகுப்பில் இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாத ஐந்து பேர், தினமும் முக்கால் மணி நேரம். நான்கு பேர் வாயே திறப்பதில்லை. ஐந்தாவது ஒரு வாயாடி. பாடம் முழுவதையும் மடமடவென்று ஒப்பித்தாள். விரல் மட்டும் வேறெந்த வரியிலோ இருந்தது.

ஜூலை 24
'கொடி'யைப் பார்த்து வாயாடி கேட்டாள்: "கொம்பு முன்னாடி நிக்குது, ஆனா 'க'வைத்தான முதல்ல சொல்றோம்? ஏன் டீச்சர்?"
"எனக்கும் தெரியாதுடி" என்றேன். இருபது வருஷத்தில் ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. இவளைத்தான் வகுப்பாசிரியை மரமண்டை என்கிறாள்.

ஆகஸ்ட் 19
"தொ... ப்... பி. தொப்பி!" வாயாடி தானே படித்துவிட்டுப் பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

செப்டம்பர் 3
தலைமையாசிரியை கூப்பிட்டார். அடுத்த மாதம் வாசிப்புத் தேர்வு, மேலிடத்திலிருந்து வருகிறார்களாம்.
"தேறுற மூணு பேரை மட்டும் வச்சுக்கங்க. மத்த ரெண்டையும் இழுத்துக்கிட்டிருந்தா எல்லாமே ஊத்திக்கும்."
"அந்தப் பொண்ணு இப்பதான் மேடம்..."
"எந்த ரெண்டு பேரை நிறுத்தணும்னு நீங்களே எழுதிக் குடுத்துடுங்க."
கொடுத்தேன். வாயாடி, அப்புறம் பென்சிலைக் கடித்துக்கொண்டே இருப்பாளே, அவள். முத்து முத்தான கையெழுத்து எனக்கு.

செப்டம்பர் 5
வாயாடியின் அம்மா வாசலில் நின்றார். "எம்பொண்ணு எதாச்சும் தப்பு பண்ணிட்டாளா டீச்சர்? திட்டியாச்சும் சொல்லிக் குடுங்க. வெளிய மட்டும் அனுப்பிடாதீங்க."
"இடம் பத்தலம்மா."
உள்ளே ரெண்டு நாற்காலி காலியாக் கெடக்கு. நாக்கு கூசலையே எனக்கு — நானெல்லாம் ஒரு டீச்சரா?
வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார்: "சொன்னதைத்தான செஞ்ச, உன்மேல என்ன தப்பு?" அதுதான் எரிகிறது.

அக்டோபர் 10
மூன்று பேரும் தேறிவிட்டார்கள். நூற்றுக்கு நூறாம். மேடையேறிப் பேசச் சொன்னார்கள். பேசினேன், வெட்கங்கெட்டவள்.

அக்டோபர் 14
யாரையும் கேட்காமல் மதிய இடைவேளையில் மூன்றாம் வகுப்புக்குப் போனேன். வாயாடி கடைசி வரிசையில்.
"இப்பல்லாம் சத்தமே போடறதில்ல, நிம்மதியா இருக்கு" என்றாள் வகுப்பாசிரியை.
பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தேன். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. புத்தகத்தை மெதுவாக என் பக்கம் தள்ளிவைத்தாள் வாயாடி.
"இது படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு டீச்சர்."

நவம்பர் 4
இரண்டு பேரோடும் உட்கார்ந்து இன்றோடு பதினாறு மதியம். பென்சில் கடிக்கிறவள் எழுத்துக் கூட்ட ஆரம்பித்துவிட்டாள். வாயாடி இன்னும் புத்தகத்தைத் தொடவில்லை.