ரோஸி சொன்ன சாட்சி

ஞாயிறு, இரவு

இன்று ஆராதனையில் ரோஸி சாட்சி சொன்னாள். ஆலத்தியூரில் சுண்ணாம்புக்கல் லாரி கவிழ்ந்த அன்று அவள் வீட்டுக்காரர் லீவு.

"வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன். கர்த்தர் காப்பாத்திட்டாரு" என்றாள். சபை முழுக்க அல்லேலூயா.

அவருக்குப் பதிலாக லாரி ஓட்டியவர் என் கணவர். இடுப்புக்குக் கீழே உணர்வு வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதே வெள்ளிக்கிழமை, அதே பாயில், ரோஸி பக்கத்தில் நானும் உபவாசம் இருந்தேன்.

நானும் கைதட்டினேன். தட்டாவிட்டால் விசுவாசம் குறைந்துவிட்டது என்பார்கள்.

வீட்டில் அவர் கேட்டார்: "கோயில்ல என்ன சொன்னாங்க?"

"உங்களுக்காக ஜெபம் பண்ணாங்க."

"நீ பண்ணலியா?"

இப்போது முழங்கால் போட்டேன். அவருக்கு இனி இதுவும் முடியாது என்று நினைத்ததும் எழுந்துவிட்டேன்.