அக்கரைக்கு நான் சொன்ன ஓம்

ஹோர்சன்ஸ், டென்மார்க்
ஆனி 2009

அன்பு மகள் கிறிஸ்ரினாவுக்கு, மடு மாதாவின் கிருபையால் நானும் அம்மாவும் சுகம், மண்டபம் அகதி முகாமில் நீயும் சுகமாய் இருக்க மன்றாடுகிறோம். சுகம் என்று எழுதுகிறேனே தவிர, உன் கடிதம் வந்ததிலிருந்து அம்மாவிடம் ஏச்சு வாங்கிக்கொண்டே இருக்கிறேன். முகாம் கடைக்குப் போன் எடுத்தால் உன்னைக் கூப்பிட்டுத் தருகிறார்கள் இல்லை, அதுதான் எழுதுகிறேன்.

"நீங்கள் ஓம் எண்டு சொன்னதாலை படகுக்காரனோடை கதைச்சிட்டன், சோழகக் காத்து அடங்கினதும் தலைமன்னாருக்கு ஏறுறன்" என்று எழுதியிருக்கிறாய். ஐயோ மகள், நான் அதுக்கா ஓம் சொன்னேன்? நீ போன் எடுத்த நேரம் நாங்கள் பாலேந்திரா வீட்டுக் கல்யாணம் முடிந்து சுவீடனிலிருந்து பஸ்ஸில் கடல் பாலத்தின் மேலே வந்துகொண்டிருந்தோம், உள்ளே ஒரே பாட்டும் கைதட்டும். "அக்கரைக்குப் போகட்டோ அப்பா" என்று நீ கேட்க, பாம்பன் பாலத்தால் ராமேஸ்வரத்துக்குப் போய்வரத்தான் கேட்கிறாய் என்று நினைத்தேன். எங்கள் ஊரைத்தான் நீ இப்போது அக்கரை என்கிறாய் என்று இந்தப் பாவிக்கு விளங்கவில்லை. "ஓம் ஓம், போ, நானும் அக்கரைக்குத்தான் போறன்" என்று பகிடி வேறு விட்டேன். அதோடு பாலம் முடிந்து பஸ் கடலுக்கடியில் போகிற சுரங்கத்துக்குள் இறங்க லைன் அறுந்துவிட்டது. அப்போது சண்டை முடிந்து இரண்டு கிழமைகூட ஆகியிருக்கவில்லை, வன்னிக்குள் அகப்பட்ட உன் புருஷன் ஜெயகாந்தன் இருக்கிறானோ இல்லையோ தெரியாது, நான் கல்யாணச் சோறு தின்று சிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன். நினைக்க வெட்கமாக இருக்கிறது.

டெனிஷ்காரரும் சுவீடன்காரரும் ஒரு காலத்தில் வெட்டிக்கொண்டு செத்தவர்கள்தானாம், இப்போது காலையில் அந்தப் பாலத்தால் மற்றக் கரைக்கு வேலைக்குப் போய்ப் பின்னேரம் வீட்டுக்கு வருகிறார்கள். எங்கள் கடலுக்கும் பாலம் போடப்போகிறோம் என்று இந்திய, இலங்கை அரசாங்கங்கள் இரண்டும் கதைத்தபோது நானும் நம்பி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். பிறகு அதைக் கைவிட்டுவிட்டார்கள். அவர்கள் இன்றைக்கும் கைகுலுக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள், நடுக்கடலில் சாகிறது எங்கள் சனம்.

புருஷனைத் தேடாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் படகில் ஏறாதே, படகுக்காரனுக்கு அட்வான்ஸாகக் கொடுத்த சங்கிலி போனால் போகட்டும். என்னிடம் டெனிஷ் பாஸ்போர்ட் இருக்கிறது, வேலையில் லீவும் கேட்டுவிட்டேன். கொழும்பால் வவுனியாவுக்குப் போய், வன்னிச் சனத்தை வைத்திருக்கிற முகாம் முகாமாக நான் தேடுகிறேன். பயமாகத்தான் இருக்கிறது, அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லிவிடாதே.

மாதா உன்னைத் தன் கைக்குள்ளே வைத்திருக்கட்டும். உன் இருமலை அப்படியே விடாமல் மருந்து எடு. அவனைக் கண்டதும் முதல் போன் உனக்குத்தான். அதற்கு நீ கரையில் இருக்க வேண்டும் மகள்.

உன் அப்பா
மரியரட்ணம்