நிறம் கூட்டுகிற வேலை

மே 6, செவ்வாய்

இன்றைக்கும் கல்யாணப் படங்களில் முகங்கள் பப்பாசிப்பழ நிறத்தில்தான் வந்தன. மாப்பிள்ளை, பெண், இரண்டு பக்கத்துச் சனம், கேக் வெட்டுகிற கத்தி வரைக்கும் பப்பாசி. அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். பச்சை. பாசி பிடித்த குளியலறைச் சுவர் மாதிரி ஒரு பச்சை. என்னுடைய வேலையைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

போன மாதம் வரைக்கும் வெள்ளவத்தை ஸ்டூடியோவின் முன்மேசையில் புக்கிங் எழுதிக்கொண்டு, போன் எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தனான். இப்போது முஸ்லிம் வீடுகளில் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறார்கள்: பெண்கள் பக்கத்துப் படங்களை எடுப்பதும் பெண், கொம்பியூட்டரில் திறப்பதும் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். எடுப்பதற்கு றஷ்மி இருக்கிறாள். திறப்பதற்கு ஆள் இல்லை. "கொன்ஸி, நீர் பழகும். ஒண்டும் பெரிய வித்தை இல்லை" என்றார் முதலாளி றமேஷ் அண்ணா.

வித்தை இல்லையாம்! ஜேபெக் என்கிற வகைப் படம் கமராவே சமைத்துத் தருகிற சாப்பாடு. றோ என்பது சமைக்காத சாமான். திறந்தவுடன் சாம்பல் பூசினதுபோல மங்கிப்போய்க் கிடக்கும். வெளிச்சம், நிழல், நிறம் எல்லாம் நாங்கள்தான் போட வேண்டும். நான் போடுகிற உப்பும் புளியும் ஒரு நாளும் சரிவருவதில்லை.

இதற்குள் அந்த மவுஸ். றமேஷ் அண்ணா ரோல்ஸ் தின்ற கையாலேயே அதைப் பிடிப்பார். லேஞ்சியால் துடைத்துவிட்டுத்தான் தொடுகிறேன். பிறகு அந்த லேஞ்சியைத் தொட மனம் வருவதில்லை.

மே 8, வியாழன்

பிடிபட்டுவிட்டது!

தெஹிவளை மண்டபம் ஒன்றில் எடுத்த படங்கள். எல்லார் மேலும் ஊதா விளக்கு, பிணங்கள் சிரிப்பதுபோல. வீடியோவில் ஒரு பெடியன் சொல்லித் தந்தான்: படத்துக்குள் உண்மையிலேயே வெள்ளையாக இருக்கிற ஒரு சாமானைக் காட்டிக்கொடு, மற்ற நிறங்களெல்லாம் தங்கள் தங்கள் இடத்துக்குப் போகும். படத்தில் மேசைமேல் கிடந்த ரிஷூத் தாள் ஒன்றைக் காட்டினேன். ஊதா அப்படியே வடிந்துபோனது. பின்வரிசையில் நின்ற ஒரு மனுஷியின் முகம் முகமாகவே வந்தது. நல்ல கறுப்பு, நெற்றியில் வியர்வை, மூக்குத்தி. கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

ஜேபெக்கில் வெறும் வெள்ளைத் துண்டாகத் தெரிந்த மணப்பெண்ணின் சேலையில் வெளிச்சத்தை றோவில் கொஞ்சம் இறக்கிப் பார்த்தேன். உள்ளே பூவேலை முழுக்க இருந்தது! தொலைந்துபோகாமல் அதற்குள்ளேயே கிடந்திருக்கிறது.

வீட்டில் என் கணவர் பிறெடிக்குச் சொன்னேன். துறைமுகத்தில் இருந்து களைத்து வந்த மனுஷன். "நல்லம்தானே" என்றுவிட்டு கிரிக்கெற்றைப் போட்டார்.

மே 10, சனி

மாளிகாவத்தை நிக்காஹ் படங்களைத் தொடங்கினேன். பெண்ணின் பெயர் பர்ஹா. என்னைவிடக் கொஞ்சம் நிறம் குறைவு. பார், நானும் இப்படித்தான் எழுதுகிறேன். நிறம் குறைவாம். நிறம் நிறையவே இருக்கிறது. எங்கள் வாயில் நிறம் என்றால் வெள்ளை மட்டும்தான்.

புக்கிங் போட வந்தபோது அவளுடைய தாய் ஸமீமா றமேஷ் அண்ணாவிடம் எத்தனை தரம் கேட்டார்! "ஆம்பிளைகள் பாக்கப்படாது. வெளிய எங்கயும் போகப்படாது. அதுதான் எங்களுக்கு முக்கியம்." இவர் நெஞ்சில் கைவைத்து, "ஆன்ட்டி, கொன்ஸி மட்டும்தான் பாப்பா. நான்கூடப் பாக்க மாட்டன்" என்றார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

றமேஷ் அண்ணாவிடம் ஒரு செட்டிங் இருக்கிறது. 'பிறைடல் குளோ' என்று பெயர். அமத்தினால் முகத்தில் உள்ள மண்ணிறம் எல்லாம் ஒரே தூக்காகத் தூக்கப்படும். கன்னம், மூக்கு, கழுத்து எல்லாம் பிட்டுக்கு அவித்த மா. மருதோண்டிகூட வெளிறி, ஆறின காயம் மாதிரி ஒரு றோஸ் நிறமாகிறது. எல்லாப் பெண்ணுக்கும் இதைத்தான் போட வேண்டுமாம். "சனம் இதுக்குத்தான் எங்களிட்ட வருது" என்கிறார்.

போட்டேன். வேலை, என்ன செய்ய? ஆனால் எனக்கென்று ஒரு ஃபோல்டரில், பழகுவதற்காக, ஒரு படத்தை இரண்டு விதமாக வைத்துப் பார்த்தேன். இடப்பக்கம் பர்ஹாவின் றோ, திறந்தபடி. வலப்பக்கம் குளோ போட்டது. நெடுநேரம் பார்த்தேன். இடப்பக்கத்தை இன்னும் ஒழுங்காகச் சமைக்கலாம். வலப்பக்கத்தில் சமைக்க ஒன்றும் மிச்சமில்லை.

நாளையில் இருந்து வெசாக் லீவு. புதன்கிழமை பார்ப்போம்.

மே 14, புதன்



பஸ்ஸில் வரும்போது போனில் பார்த்தேன். எங்கள் ஸ்டூடியோவின் பேஸ்புக் பக்கம். பர்ஹா. முழு முகம். இடப்பக்கம் 'முன்', வலப்பக்கம் 'பின்'. கீழே, 'உங்கள் வீட்டு மணமகளும் ஜொலிக்க வேண்டாமா?'

என்னுடைய படம். என்னுடைய ஃபோல்டரில் இருந்த படம். லீவில் றமேஷ் அண்ணா வந்து எடுத்திருக்கிறார். அது மட்டுமில்லை, இடப்பக்கத்தை இன்னும் இருட்டாக்கியிருக்கிறார். 'பின்' பளிச்சென்று தெரிய வேண்டுமே! றோ எண்டா மங்கலாத்தானே இருக்கும், அது அவளின்ர முகமா?

கீழே சனம் எழுதியிருப்பது… 'முன்' பக்கத்தைப் பேய் என்று ஒருத்தன். மாப்பிள்ளைக்கு 'பின்'னைக் காட்டித்தான் கட்டிவைத்தார்களா என்று இன்னொருத்தன். சிரிக்கிற முகங்கள், வரிசையாக. கொள்ளுப்பிட்டியிலேயே இறங்கி, கடல்காற்றில் கொஞ்சநேரம் நின்றுவிட்டு, அடுத்த பஸ்ஸில் போனேன்.

"எடுங்கோ அண்ணா, அதை இப்பவே எடுங்கோ" என்றேன்.

"ஏன்? எவ்வளவு பேர் பாத்திருக்கினம் பாரும். காலமை தொடக்கம் புக்கிங் கேட்டு மெசேஜ் வருது."

"நீங்கள் வாக்குக் குடுத்தனீங்கள்."

"பெயர் போட்டனானே? ஊர் போட்டனானே? ஆர் எண்டு ஆருக்குத் தெரியும்?"

சொல்லிக்கொண்டே வடையைப் பிய்த்து வாயில் போட்டார். உதட்டில் எண்ணெய். ச்சீ. அந்த வாயைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தேன்.

றஷ்மிக்கு போன் பண்ணினேன். "நான் எடுக்கிறது மட்டும்தான் கொன்ஸி. இதுக்குள்ள என்னை இழுக்காதை." இவளும்.

மாலை அந்தப் படம் பேஸ்புக் பக்கத்தில் இல்லை. ஸமீமாவின் போன் வந்த பிறகுதான் எடுத்தார். போனில் அவர் கத்தவில்லையாம். "அமைதியாக் கதைச்சவ, பிரச்சினை முடிஞ்சுது" என்கிறார். முடிந்ததாம்!

மே 15, வியாழன்

வேலைக்குப் போகவில்லை. வயிற்றில் சுகமில்லை என்று சொன்னேன். பொய்யும் இல்லை.

பிறெடி சொல்கிறார், "நீ போட்டனியா? இல்லைத்தானே. பிறகேன் சாப்பிடாம இருக்கிறாய்?"

மே 16, வெள்ளி

மாளிகாவத்தைக்குப் போனேன். என்ன சொல்வதென்று தெரியாமலேயே படியேறினேன். கதவைத் திறந்த ஸமீமாவின் முகம் என்னை அடையாளம் கண்டதும் கல்லானது. உள்ளே விட்டார். இருக்கச் சொல்லவில்லை.

பர்ஹா தாய் வீட்டில்தான் இருந்தாள். கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டில் இருக்க வேண்டியவள்.

"ஸைத் ஒண்டும் சொல்லல்ல" என்றாள். ஸைத் அவளுடைய கணவன். "மாமியும் ஒண்டும் சொல்லல்ல. போனைக் கொண்டுவந்து எனக்கு முன்னுக்கு வச்சிட்டு, எழும்பிப் போயிட்டாங்க. ஏசியிருந்தாச் சரி. எனக்கு அங்க இருக்க ஏலாமப் போச்சு."

அந்தப் படத்தை எனக்கென்று செய்து வைத்ததைச் சொன்னேன். லீவில் அதை எடுத்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் காதுக்கே அது சாட்டாகத்தான் கேட்டது.

ஸமீமா சொன்னார்: "நீங்க பொம்புளப் புள்ள எண்டு நம்பித்தானே குடுத்த. உங்களையும் பக்கத்துல வச்சிட்டுத்தானே அவர் அந்த வாக்கைத் தந்த."

அன்றைக்குப்போலவே தலையாட்டினேன்.

பர்ஹாதான் கேட்டாள், "அக்கா, முன்னுக்கு, பின்னுக்கு எண்டு போட்டீக்கே. அந்த முன்னுக்கு ஈக்கிற கறுப்பு, அது நானா?"

"இல்லை. அது றோ. அதில வெளிச்சம் இன்னும் போடேல்லை. அதையும் அவர் இருட்டாக்கிப் போட்டவர்."

"அப்ப மத்தது?"

"அதுவும் நீங்கள் இல்லை."

"அப்ப என்ட கல்யாணத்துல என்ட படம் ஒண்டுமே இல்லையா?"

"இருக்கு" என்றேன். "றோவுக்குள்ள இருக்கு. எடுக்கலாம்."

தாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள், "அப்ப அது எங்களுக்கு வேணும். எல்லாம். அந்தக் கடையில ஒண்டும் மிஞ்சப்படாது."

போகும்போது ஸமீமா கதவுவரை வந்தார். நாளைக்குக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று மட்டும் கேட்டார்.

மே 17, சனி

இதை முழுக்க எழுத வேண்டும்.

சனிக்கிழமை வெள்ளவத்தையில் சனம் தெரியும்தானே. எங்கள் முன்பக்கத்து சோபாவில் இரண்டு குடும்பங்கள் ஆல்பம் பார்த்துக்கொண்டிருந்தன. ஸமீமாவும் பர்ஹாவும் வந்தார்கள். பர்ஹா முகம் மூடியிருந்தாள். முன்னர் மூடுகிறவள் இல்லை.

றமேஷ் அண்ணா இருவரையும் உள்ளறைக்குக் கூப்பிட்டார். ஸமீமா போகவில்லை. "இங்கயே கதைப்பம். படத்தையெல்லாம் தாங்க. அந்த றோவையும்."

"ஆன்ட்டி, எடிட் பண்ணின படம் எல்லாம் தருவம். றோ குடுக்கிற வழக்கம் உலகத்தில எங்கயும் இல்லை. அது ஸ்டூடியோவின்ர சொத்து."

"என்ட மகள்ட முகம் உங்கட சொத்தா?"

"அப்பிடி இல்லை ஆன்ட்டி, அது ரெக்னிக்கல் விஷயம், உங்களுக்கு விளங்காது…"

ஸமீமா அவரை விட்டுத் திரும்பினார். நேரே போய் சோபாவில், ஆல்பம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தாய்க்குப் பக்கத்தில் அமர்ந்தார். "உங்கட மகளுக்கா? மாஷா அல்லாஹ், நல்ல வடிவு. எங்கட மகளையும் இங்கதான் எடுத்த. ஊர் முழுக்கப் பாத்திட்டாங்க. கொஞ்சம் பொறுங்க, உங்கட மகளையும் பேஸ்புக்குல பாக்கலாம்."

குரலை உயர்த்தவே இல்லை. மெதுவாக, ஏதோ சமையல் கதைப்பதுபோல. அந்தத் தாய் ஆல்பத்தை மூடினார். மற்றக் குடும்பத்துத் தகப்பன் எழும்பி, "என்ன தம்பி இது?" என்று றமேஷ் அண்ணாவைக் கேட்டார்.

இவர் முகம் அப்போது போட்ட நிறத்துக்கு எந்தச் செட்டிங்கும் இல்லை. "கொன்ஸி, குடுத்து விடும்" என்றார்.

ஸமீமாவையும் பர்ஹாவையும் என் மேசைக்குக் கூட்டிப்போனேன். அவர்கள் கொண்டுவந்த ஹார்ட் டிஸ்க்கில் எல்லாம் ஏற்றினேன். ஏறியிருக்கிறதா என்று திறந்து காட்டினேன். பிறகு எங்கள் கொம்பியூட்டரில் இருந்தவை, மேலதிகப் பிரதி எடுத்து வைத்தவை, கமராவின் மெமரி காட், என்னுடைய ஃபோல்டர் எல்லாவற்றையும் அவர்கள் பார்க்க அழித்தேன். பர்ஹா ஒவ்வொன்றாகக் கேட்டாள், "இதுலயும் போச்சா? இதுலயும்?"

அவர்கள் போன பிறகு றமேஷ் அண்ணா ஏசுவார் என்று நின்றேன். ஏசவில்லை. பல்லுக்குள் குச்சி விட்டுக்கொண்டு, "சரி, அந்தக் கொட்டாஞ்சேனைக் கல்யாணப் படங்களை முடியும். குளோ கொஞ்சம் கூடப் போடும், பெண் நிறம் காணாது" என்றார்.

இந்த மனுஷனுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு தூசு தட்டினமாதிரி. அதுதான் எல்லாவற்றையும்விட அருவருப்பு.

பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். இனிப் போக மாட்டேன்.

மே 18, ஞாயிறு

சேர்ச்சுக்கு, பூசைக்குப் போனேன். ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. கையைத்தான் கழுவிக் கழுவி வைத்திருக்கிறேன்.

மே 25, ஞாயிறு

பர்ஹா எங்கள் வீட்டுக்கு வந்தாள்! தாயோடும் ஹார்ட் டிஸ்க்கோடும். "எடுக்கலாம் எண்டு சொன்னீங்க" என்றாள். பிறெடி விளங்கிக்கொண்டு, சேர்ட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நல்ல மனுஷன். சில நேரம்.

என் பழைய லப்டொப். இலவசமாகக் கிடைக்கிற ஒரு மென்பொருளைப் போட்டு வைத்திருக்கிறேன். பர்ஹா கதிரையை இழுத்துப்போட்டு என் தோளோடு இருந்தாள். முதலில் வெள்ளையைக் காட்டிக்கொடுத்தேன். ஒரு சின்னப் பிள்ளையின் தொப்பி. விளக்கின் மஞ்சள் இறங்கியது. பிறகு வெளிச்சம், கொஞ்சம் கொஞ்சமாக. நிழலைச் சற்றுத் திறந்தேன்.

"இன்னும் கூட்டட்டா?" என்றேன்.

தன் கையை நீட்டித் திரைக்குப் பக்கத்தில் வைத்தாள். கையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "கொஞ்சம் குறைங்க… இன்னும் கொஞ்சம்… அங்க. அங்க விடுங்க."

விட்டேன். வந்து நின்றது. தாமரைக் கொட்டையை மினுக்கினதுபோல ஒரு மண்ணிறம். மருதோண்டி அதன்மேல் கடுஞ்சிவப்பாக, விரல் நுனிவரை. கண்ணுக்குக் கீழே முதல்நாள் நித்திரை கொள்ளாத சோர்வு. அதையும் அவள் எடுக்க விடவில்லை. "நித்திரை இல்லாமத்தான் ஈந்த" என்றாள்.

ஸமீமா மூக்கை உறிஞ்சினார். "வாப்பாட முகம்" என்றார், பர்ஹாவின் தகப்பனை நினைத்து.

முப்பது, நாற்பது படங்கள் செய்து அவளுடைய ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றியிருப்போம். கடைசியில் பர்ஹா சொன்னாள், "இப்ப அழிங்க அக்கா. உங்கடயிலயும்."

எனக்குச் சுருக்கென்றது. என்ரயிலயுமா? வீடு தேடிப் போய், வேலையை விட்டு, இவ்வளவும் செய்து… ஒரு நிமிஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கோபம்தான், மறைக்க என்ன இருக்கிறது. பிறகு அழித்தேன். குப்பைத்தொட்டியையும் திறந்து வெறுமையாகக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டுத்தான் எழும்பினாள்.

நாளைக்கு ஸைத் வந்து கூட்டிப்போவானாம். இந்தப் படத்தை ஸைத்தின் தாய்க்கு, மாமிக்குக் காட்டப்போகிறாளாம். "எப்பிடிச் சொல்றாங்க எண்டு பாப்பம்" என்றாள். சிரித்தாளா, சரியாகத் தெரியவில்லை.

நான் செய்ததிலேயே நல்ல படம். ஒருவருக்கும் காட்ட முடியாது.

ஜூன் 2, திங்கள்

வேலைக்கு இரண்டு ஸ்டூடியோக்களில் கேட்டேன். இரண்டிலும் ஒரே கேள்வி: "முன்னம் செய்த படம் இருந்தாக் காட்டுங்கோ." இல்லை என்றேன். ஒருத்தர் தன்னுடைய மாதிரிப் படங்களைக் காட்டினார். பிட்டு மா, வரிசையாக. தேத்தண்ணி தந்தார். குடிக்க மனமில்லாமல் எழும்பி வந்தேன்.

ஜூன் 11, புதன்

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து ஊர் இப்போதுதான் அசைகிறது. காலையில் தெரியாத இலக்கத்தில் இருந்து ஒரு அழைப்பு. நிலூஷா என்று ஒரு பிள்ளை, களனிப் பக்கம். அடுத்த மாதம் நிக்காஹ். பர்ஹாவின் மாமி இலக்கம் தந்தவவாம்.

"பர்ஹாட மாமியா?" என்று இரண்டு தரம் கேட்டேன்.

"ஓ, அவங்கதான். நீங்கதானே படத்தை அழிக்கிற அக்கா?"

சிரிப்பு வந்துவிட்டது. ஓம் என்றேன். எடுக்கிறதற்கு றஷ்மியைக் கேட்க வேண்டும். கேட்டால் வருவாள், திட்டிக்கொண்டு வருவாள்.

பின்னேரம் பேட்டாக் கடைத்தெருவுக்குப் போய்ப் புது மவுஸ் ஒன்று வாங்கி வந்தேன்.