மணல் மேசையில் ஒரு கணவாய்

மார்ச் 3, செவ்வாய்

பாதுகாப்பு ஒப்பந்தத்தில் பாதி இன்று என் கையால் முடிந்தது. மீதிப் பாதிக்குப் பெரியவர்கள் கையெழுத்துப் போட்டால் போதும்.

விவரமாகவே எழுதி வைக்கிறேன். பாசறையின் பெரிய கூடத்தில் இருபதடிக்குப் பன்னிரண்டடி மணல் மேசை. வடக்கு மலை, கணவாய், அடியில் ஓடும் ஆறு, நமக்கும் பக்கத்து நாட்டுக்கும் நடுவே எல்லைக்கோடு, எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் அதிகாரிகள் திட்டம் போடுவார்கள். காட்டுக்குச் சாயம் போட்ட மரத்தூள், பாதைக்குச் சுண்ணாம்புப் பொடி, ஆற்றுக்கு நீலக் கம்பளி நூல். பதினெட்டு வருஷமாக இது என் ராஜ்யம். சம்பளப் பட்டியலில் பெயிண்டர் என்று போட்டிருப்பது, எழுதினவனின் அறிவுக்குறை.

அடுத்த வாரம் பக்கத்து நாட்டு அதிகாரிகள் வருகிறார்கள். மலைக்கு அப்பால் இருப்பவர்கள் இறங்கி வராமல், இனி இரண்டு பட்டாளமும் சேர்ந்து கணவாயைக் காக்கும். அவர்கள் எல்லையைக் காக்க நம் பிள்ளைகள் எதற்கு என்று எதிர்வீட்டு வாத்தியார் கேட்டார். பொதுச்சுவர் என்றால் இரண்டு வீட்டுக்காரனும்தானே காரை பூச வேண்டும் என்றேன். வாயடைத்துப் போனார். அவருக்கு அப்போது இருமலும் இருந்தது.

மார்ச் 5, வியாழன்

அக்கா வந்தாள். கணவாய்க்குப் போகும் முதல் பட்டாளக் கம்பெனியில் சிப்பாயான அவள் மகன் பெயர் இருக்கிறதாம். ஒரு வருஷம் அங்கே இருக்க வேண்டும். அத்தான் போன பிறகு அவளுக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான்.

"பெரியவர் உன்னைக் கேக்காம ஒரு கல்லக் கூட நகத்த மாட்டாருன்னு நீதானடா சொல்லுவ. ஒரு வார்த்தை சொல்லு. இவன் பேரை எடுத்துட்டு வேற யாரையாவது அனுப்பட்டும்."

பெரியவர் என்றால் பிரிகேடியர். அவரும் நானும் ஒரே கெட்டிலில் தேநீர் குடிப்பதாக அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். பதினெட்டு வருஷத்தில் அந்த நாற்காலியில் ஆறு பேர் உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள். இப்போது இருப்பவர் என்னிடம் பேசியது மொத்தம் இரண்டு சொல். ஜன்னலைச் சாத்து.

"ஆகட்டும்க்கா" என்றேன்.

மார்ச் 6, வெள்ளி

வயிறு சரியில்லை என்று விடுப்பு போட்டுவிட்டேன். அக்கா சொல்லியனுப்பிய ஆள் இரண்டு முறை வந்து, காரியம் ஆயிற்றா என்று விசாரித்துவிட்டுப் போனான்.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா வீட்டில் ஒரே சிரிப்பு. மகனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கிவிட்டாள். தம்பி கைகாரன், காரியத்தை முடித்துவிடுவான் என்று தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது. கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. அந்தச் சுகம்தான் என்னைக் கெடுக்கிறது.

அவள் மகன், என் மருமகன், ஒரு நாள் விடுப்பில் வந்திருந்தான். கொல்லைப்பக்கம் கூட்டிப்போய்ப் பேசினான். இவன் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினவன் இல்லை.

"மாமா, என் பேரை எடுத்தா இன்னொருத்தன் போவான். அவனுக்கும் அம்மா இருக்கு. கம்பெனில நான் எப்படித் தலை நிமிந்து நடப்பேன்? உங்க வாயால என் முகத்துல கரி பூசிடாதீங்க."

பார்த்துக்கலாம்டா என்றேன். எதைப் பார்ப்பது? அக்காவுக்காகப் பேசுவதா, இவனுக்காகச் சும்மா இருப்பதா? நான் பேசினால்தான் யார் கேட்கப்போகிறார்கள்?

மார்ச் 10, செவ்வாய்

பிரிகேடியர் மேசையைப் பார்க்க வந்தார். கேட்டுவிடுவது என்று முடிவு பண்ணி விறைத்து நின்றேன். மலை நன்றாக வந்திருக்கிறது என்றார். "ஐயா" என்றேன். கேட்க வந்ததை விட்டுவிட்டுப் போய் ஜன்னலைச் சாத்தினேன். போய்விட்டார்.

அவர் போன பிறகு கை சும்மா இருக்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இடதுமூலை மொட்டையாகக் கிடந்தது. ஒரு குன்று வைத்தேன். மேலே ஏழெட்டு மரம். மேசைக்கே ஒரு களை வந்துவிட்டது. மனசும் கொஞ்சம் அடங்கியது.

மார்ச் 12, வியாழன்

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

விருந்தாளிகள் வந்தார்கள். அவர்களில் நரைத்த மீசைக்காரர் ஒருவர், நில அளவைக்காரர், மேசையைச் சுற்றி வந்தவர் என் குன்றின் முன்னால் நின்றுவிட்டார். அந்த மூலை அவர்கள் நாட்டுப் பக்கம். எங்கள் மண்ணில் எங்களுக்கே தெரியாத குன்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது, ரகசியமாக அளந்தீர்களா என்று கேட்டார். மொழிபெயர்த்தவன் அதைச் சொல்லிவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தான். அவர்கள் தளபதி தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். கூட்டம் கலைகிற நிலை.

யார் வைத்தது என்றார் பிரிகேடியர்.

"நாந்தாங்கய்யா. மூலை மொட்டையா இருந்துச்சு. ஒரு அழகுக்கு."

யாரும் சிரிக்கவில்லை. நம் மேஜர் நேற்றே அந்தக் குன்றுக்குப் பின்னால் ஆளுக்கொன்றாக எட்டுச் சின்னக் கொடிகள் நட்டிருந்தார். கொடியில் மருமகனின் கம்பெனி எண். நேற்று மாலை நான் அதைப் பார்த்தேன். நம் பிள்ளைகளுக்கு நல்ல மறைவு என்று சந்தோஷம்கூடப் பட்டேன். கடவுளே.

"அங்க வெறும் பொட்டல்" என்றார் பிரிகேடியர். கத்தவில்லை. "குண்டு வந்தா அந்த எட்டுப் பேரும் எதுக்குப் பின்னாடிப்பா படுப்பாங்க?"

மார்ச் 14, சனி

வேலை போகவில்லை. அழகுக்கு வைத்த குன்றுதான் என்பதை நம்பிய நரைமீசைக்காரர், தன் நாட்டு வரைபடத்தைக் கொடுத்து, பக்கத்திலேயே நின்றார். இரண்டு நாளாக நூல் பிடித்து, அங்குலம் அங்குலமாக மேசையைத் திருத்தினோம். குன்றை நானே வழித்தெடுத்தேன். அந்தக் கொடிகள் ஆற்றங்கரைப் பாறைக்கு மாறிவிட்டன. தொப்பிகள் மறுபடி தலையிலிருந்து இறங்கின, பேச்சு நடக்கிறது. ஒப்பந்தத்தைக் காப்பாற்றினதே நான்தான் என்று எழுத ஆசை. காப்பாற்றினவர் அவர்.

மார்ச் 15, ஞாயிறு

அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

"பெரியவர் என் பேச்சைக் கேக்க மாட்டாருக்கா. அவருக்கு என் பேரே தெரியாது."

காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"எத்தனை நாளாடா இப்படி?"

"பதினெட்டு வருஷமா."

"அப்ப நான் பத்து நாளா நிம்மதியாத் தூங்கினது?"

அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை. நானாகவே கிளம்பி வந்தேன்.

மார்ச் 19, வியாழன்

மருமகன் போய்விட்டான். லாரிகள் கிளம்பும்போது அக்கா மைதானத்தின் ஒரு கோடியில், நான் மறு கோடியில். அவன் இரண்டு பக்கமும் கையாட்ட வேண்டியிருந்தது.

மார்ச் 25, புதன்

அக்கா இன்னும் பேசவில்லை.

ஏப்ரல் 4, சனி

காலையில் வாசலில் அக்கா. கையில் பெரிய எவர்சில்வர் தாம்பாளம்.

"அவன் எங்க நிக்கிறான்னு எனக்குக் காட்டு."

காவல் இடங்களைக் காட்டக் கூடாது, அது ரகசியம் என்றேன். ஊருக்கே தெரிந்த மலையையும் ஆற்றையுமாவது காட்டு என்றாள். மணலைச் சலித்து, ஈரமாக்கி, ஸ்கேல் வைத்து அளந்துதான் செய்தேன். மத்தியானம் ஆகிவிட்டது. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, கணவாய் எது, ஆறு எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"குளிருமா?"

"நல்லாவே குளிரும்க்கா."

"சண்டை வருமாடா?"

ஒரு பெரிய பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மலைக்கு அப்பால் இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள், இரண்டு நாடு சேர்ந்தால் எவன் வாலாட்டுவான்... எல்லாம் வந்தது.

"தெரியலக்கா" என்றேன்.

தலையாட்டினாள். தாம்பாளத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டாள். நான் எடுத்துவருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். மணல் சரியாமல், ஒவ்வொரு அடியாக வைத்துத் தன் வீட்டுக்கு நடந்தாள். எதிரே சைக்கிள் வந்தால் நிறுத்துவதற்காக நான் முன்னால் போனேன்.