அர்ச்சனைப் பட்டியலில் மூன்று நட்சத்திரங்கள்

அனுப்புநர்:
சுபத்திரா குகநாதன்,
ஆலயச் செயலாளர்,
பெக்கான் நானாஸ், ஜொகூர்.

பெறுநர்:
உயர்திரு கனகசபை அவர்கள்,
தலைவர், தென் ஜொகூர் ஆலயங்களின் ஒருங்கிணைப்பு மன்றம்,
ஜொகூர் பாரு.

பொருள்: இணையத்தில் உள்ள அர்ச்சனைப் பட்டியல்களை நீக்கக் கோரியும், என் மீதே புகார் அளித்தும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. மன்றத்தின் பதினொரு ஆலயங்களும் பயன்படுத்தும் அர்ச்சனைப் பதிவுச் செயலியை உருவாக்கியவள் நான். கல்லூரியில் கணினி படித்தவள் என்று என்னிடம் கொடுத்தீர்கள். சம்பளம் வாங்கவில்லை, பாராட்டுகளை வாங்கிக்கொண்டேன். கவுண்டரில் சொல்லும் பெயரும் நட்சத்திரமும் அன்றைக்கே இணையப் பக்கத்தில் வந்துவிடும். வெளிநாட்டு உறவினர்கள் தங்கள் குடும்ப அர்ச்சனையைக் கண்டுபிடிக்க, நட்சத்திரங்களைக் கொண்டு தேடும் வசதியையும் சேர்த்தேன். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

2. சென்ற ஆண்டு ஒரு பெண்மணி இரண்டு பிள்ளைகளுடன் எங்கள் ஊருக்குக் குடிவந்தார். கணவரின் அடி தாங்காமல் வந்தவர். அந்த மனிதர் நெருங்கக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவும் இருந்தது. வெள்ளிதோறும் மூவருக்கும் அர்ச்சனை செய்வார். அவர் பெயரையோ நட்சத்திரங்களையோ இம்மனுவில் எழுத மாட்டேன். ஒருமுறை எழுதியது போதும்.

3. கடந்த பிப்ரவரியில் அவர் என்னைத் தனியாக அழைத்து, "பேர மாத்தித்தான்கா சொல்றேன். நட்சத்திரத்த மாத்தி சாமிகிட்ட பொய் சொல்ல மனசு வரல. அத மட்டும் கம்ப்யூட்டர்ல போடாம விட முடியுமா?" என்று கேட்டார். ஒரே நட்சத்திரம் ஆயிரம் பேருக்கு இருக்கும் என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பினேன். ஒரே ரசீதில் அந்த மூன்றும் சேர்ந்து வருவது அவர்களுக்கு மட்டும்தான் என்பது எனக்குத் தெரியாததல்ல. அப்படித் தேடத்தானே செய்து வைத்திருந்தேன்.

4. ஆகஸ்டு மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் கணவர் எங்கள் கவுண்டருக்கு வந்து, கைப்பேசியில் நம் பக்கத்தைக் காட்டி, இவர்கள் எத்தனை மணிக்கு வருவார்கள் என்று கேட்டிருக்கிறார். சொந்தக்காரர் என்று நம்பி, கவுண்டரில் இருந்த ஷாமளா நேரத்தைச் சொல்லிவிட்டார். அவர் மீது குற்றமில்லை. கார் நிறுத்துமிடத்தில், பிள்ளைகள் பார்க்க, அந்தப் பெண்மணியின் மணிக்கட்டு முறிந்தது. போலீசில் புகார் செய்யப்பட்டுள்ளது. மருத்துவமனையில் அவர் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிமிர்ந்து பார்த்திருப்பேன்.

5. எங்கள் ஆலயப் பட்டியலை அன்றே நீக்கினேன். மற்ற பத்து ஆலயங்களுடையதை நீக்க மன்றத்தின் அனுமதி வேண்டும். சென்ற கூட்டத்தில் நான் அதைக் கேட்டபோது, "நட்சத்திரம் என்ன ஐசி நம்பரா லா, அடையாள கார்டு மாதிரி ஒளிச்சு வைக்க?" என்று உறுப்பினர் ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நடந்ததைச் சொன்னால் செய்தது நான் என்று தெரிந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். அந்தச் சிரிப்புக்காகவும் இம்மனுவை எழுதுகிறேன்.

6. அந்தக் குடும்பம் இப்போது வேறோர் ஊரில் இருக்கிறது. அங்குள்ள ஆலயமும் நம் செயலியைத்தான் பயன்படுத்துகிறது. கணவர் ஜாமீனில் வெளியே இருக்கிறார்.

ஆகவே, எல்லா ஆலயங்களின் பழைய பட்டியல்களையும் அழிக்கவும், தேடும் வசதியை நிறுத்தவும், இனி எவர் விவரத்தையும் வெளியிடாதிருக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். இம்மனுவை அடுத்த கூட்டத்தில், என் பெயருடன், முழுமையாக வாசிக்கவும் வேண்டுகிறேன்.

சென்ற வாரம் அந்தப் பெண்மணியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. இளைய பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கோவிலுக்குப் போனாராம். பெயர், நட்சத்திரம் கேட்டபோது, சுவாமி பெயருக்கே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டாராம். தன் பிள்ளையின் பெயரைச் சுவாமியிடம் சொல்ல ஒரு தாய் பயப்படும்படி செய்துவிட்டேன், ஐயா. அடுத்த வெள்ளிக்கு முன் தங்கள் உத்தரவு கிடைத்தால், அவரிடம் சொல்ல எனக்கு ஒரு வார்த்தையாவது இருக்கும்.

பணிவுடன்,
சுபத்திரா குகநாதன்
(ஒப்பம்)

இடம்: பெக்கான் நானாஸ்
நாள்: 14.10.2025