கிணற்றுக்கு இந்தப் பக்கம்

நேற்று ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். ஷிப்ட் முடிந்து வந்த பிள்ளைகள் ஒரு தள்ளுவண்டியைச் சுற்றி நின்று நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டிக்காரர் சுடச்சுட இருந்த இரும்புச் சட்டியில் வினிகரை ஊற்றினார். அந்தப் புளிப்பு நெடி மூக்கில் ஏறியதும் நான் எங்கே நிற்கிறேன் என்பதே ஒரு கணம் மறந்துபோனது. அது உன் நெடி. பென்னலூர் வீட்டுக் குளியலறையின் ஜன்னலைக் கறுப்புக் கம்பளியால் அடைத்து, சிவப்பு பல்பைப் போட்டுக்கொண்டு நீ படம் கழுவுவாயே, அந்த மருந்துத் தட்டுகளிலிருந்து வரும் நெடி. எத்தனை சோப்பு போட்டாலும் உன் விரல்களை விட்டுப் போகாது. "சோத்துலயும் அந்த நாத்தம் வருதுடி" என்று உன் அம்மா, என் அத்தை, திட்டுவார்கள். நீ சிரித்துக்கொண்டே இன்னொரு கவளம் பிசைவாய்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நாத்தனாருக்கு அண்ணி மடல் எழுதுவது எங்கும் வழக்கமில்லைதான். ஆனால் அன்றைக்குக் காட்டில் நான் கண்டதை, அதற்குப் பிறகு வீட்டில் கேட்டதை, நாம் இரண்டு பேரும் ஒருநாளும் உட்கார்ந்து முழுசாகப் பேசியதில்லை. அந்த அதிர்ச்சி இத்தனை வயதாகியும் எனக்கு ஆறவில்லை என்று உனக்குத் தெரியாது.

நான் உன் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது நீ காஞ்சிபுரத்தில் பெண்கள் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாய். அறுபதுகள் முடிந்து எழுபதுகள் பிறந்திருந்தன. உன் சம்பளத்தில் நீ முதலில் வாங்கியது நகை இல்லை, பழைய கேமரா ஒன்று. மேலிருந்து குனிந்து, பெட்டிக்குள் இருக்கும் கண்ணாடியில் பார்க்க வேண்டிய வகை. "அதுங்களுக்குக் காட்டுறதெல்லாம் காய்ஞ்ச செடி அண்ணி. காகிதத்துல ஒட்டி வெச்ச பொணம். நிழல்ல அது எப்படி நிக்குதுன்னு ஒரு பொண்ணும் பாத்ததில்ல" என்றாய். உன் மாணவிகளைத்தான் 'அதுங்க' என்றாய்.

தனியாகக் காட்டுக்குப் போக உன் அண்ணன் விடமாட்டார். அதனால் நானும் வந்தேன். முதலில் வேண்டாவெறுப்பாகத்தான். சேரப்பணஞ்சேரிக்கு அப்பால் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால் வெறும் முள்ளும் புதரும். ஆனால் நடுவில் அந்த அம்மன் கோயிலைச் சுற்றி இருந்த மரங்களை மட்டும் யாரும் தொட்டதில்லை. உள்ளே நுழைந்தால் வெயில் அப்படியே நின்றுபோகும். தலைக்கு மேலே இலை, இலைக்கு மேலே இலை. காலடியில் மட்கிய சருகு. அந்தச் சருகுக்குள் கண்ணை இடுக்கிப் பார்த்தால் உன் உலகம்: கத்தி கத்தியாக நிற்கும் மருள், மரவேரை ஒட்டிப் பெரணி, மண்ணோடு மண்ணாக ஒட்டிப் பூக்கும் நிலப்பனை.

வெளிச்சம் போதாது என்பதால் கேமராவை முக்காலியில் நிறுத்தி, மூடியைத் திறந்துவைத்துவிட்டுக் காத்திருப்பாய். அந்த நேரத்தில் செடி அசையக் கூடாது. நான் உன் அண்ணனின் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்து, எங்கிருந்தாவது கிடைக்கும் கொஞ்சம் வெளிச்சத்தைச் செடிமேல் தள்ளிவிடுவேன். "காத்து நிக்கட்டும் அண்ணி, காத்து நிக்கட்டும்" என்று நீ முணுமுணுப்பாய். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு தடவை காட்டுக்கருணை பூத்து, செத்த எலிபோல நாறியது. வேட்டியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நான் ஓட, செடிமேல் விழுந்த வெளிச்சமும் என்னோடு ஓடிவிட்டது. அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த பறவையெல்லாம் பறந்தது. வேண்டாவெறுப்பு எனக்கு எப்போது போனது என்று தெரியவில்லை.

நாளாக ஆக, பெட்டிக் கண்ணாடியில் என்னைப் பார்க்கச் சொன்னாய். "பூ தெளிவா இருக்குதா பாருங்க அண்ணி." எனக்குத் தொழில் கற்றுக்கொடுக்கிறாய் என்று நினைத்துப் பூரித்துப்போனேன். வீட்டில் நீ சொம்பைத் தட்டிவிடுவாய், வாசற்படியில் இடித்துக்கொள்வாய். "பராக்குப் பாத்துக்கினு நடக்குறா" என்று அத்தை சொல்வார்கள். படித்த பெண், நினைப்பெல்லாம் வேறெங்கோ இருக்கும் என்று நானும் எண்ணிக்கொண்டேன்.

என் மகள் மல்லிகா பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம், மழை விட்டு வெயில் அடித்த ஒரு காலை. கோயில் தோப்புக்குள் நுழைந்ததும், "இன்னா அண்ணி, இன்னிக்கு இவ்ளோ இருட்டா இருக்குது?" என்று கேட்டாய். நான் மேலே பார்த்தேன். ஒரு கிளை ஒடிந்து விழுந்து, அந்த இடைவெளி வழியாக வெயில் நேரே இறங்கியிருந்தது. வேட்டியே தேவையில்லாத வெளிச்சம். ஏதோ விளையாட்டாகச் சொல்கிறாய் என்று முக்காலியைப் பிரிக்கக் குனிந்தேன்.

"அதோ பாருங்க, நிலப்பனை" என்றாய்.

நிமிர்ந்து பார்த்தேன். தூரத்தில், விரல் நகம் அளவுக்கு, மஞ்சளாக ஒரு பூ. எனக்கே தேடித்தான் கண்ணில் பட்டது. நீ அதைப் பார்த்தபடியே நடந்துபோனாய். உனக்கும் அந்தப் பூவுக்கும் நடுவில், சுற்றுச்சுவர் இல்லாத பழைய கிணறு ஒன்று; அந்தப் பக்கம் நாம் அதுவரை போனதில்லை. ஒரு மாட்டுவண்டி உள்ளே போகும் அகலம். நீ வேகத்தைக் குறைக்கவே இல்லை. ஒதுங்கப்போகிறாய், இப்போது ஒதுங்குவாய் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"நில்லு!"

அந்தச் சத்தம் என் தொண்டையிலிருந்து வந்தது என்று எனக்கே நம்ப முடியவில்லை. நீ நின்றாய். உன் வலது செருப்பின் முனை விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் இருந்தது. ஒரு மண்கட்டி உடைந்து விழுந்து, வெகுநேரம் கழித்துத் தண்ணீரில் 'தொபுக்' என்றது.

"ஏன் அண்ணி கத்துறீங்க?" என்றாய். திரும்பி என்னைத்தான் பார்த்தாய், கீழே பார்க்கவில்லை.

ஓடிவந்து உன் புடவையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் சருகில் விழுந்தோம். அப்புறம்தான் நீ தலையைத் தாழ்த்தி, மெல்ல மெல்ல அப்படியும் இப்படியும் திருப்பி, கிணற்றைக் கண்டுபிடித்தாய். தொலைந்த பொருளைத் தேடுவதுபோலத் தேடிக் கண்டுபிடித்தாய். பட்டப்பகலில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்த கிணற்றை! நகம் அளவு பூ தெரிந்த கண்ணுக்கு, காலடியில் வாய் பிளந்திருந்த கிணறு தெரியவில்லை.

"எத்தனை நாளா?" என்றேன்.

"காலேஜ்ல படிக்கச்சொல்லவே ஆரம்பிச்சிடுச்சு. மெட்ராஸ்ல பெரிய டாக்டருகிட்ட காட்டிட்டேன். ஓரத்துலருந்து கொஞ்சம் கொஞ்சமா மூடிக்கிட்டே வருமாம். இப்போ ஒரு குழாய் வழியா பாக்குற மாதிரி இருக்குது. நிழல்ல அதுவும் மங்கிடுது. மருந்து இல்லையாம் அண்ணி."

நான் அழுதேன். நீ அழவில்லை. புடவையில் ஒட்டிய சருகைத் தட்டிவிட்டு எழுந்து, "பூவை எடுத்துட்டுப் போயிடலாம், கிணத்தச் சுத்தி எப்படிப் போறதுன்னு சொல்லுங்க" என்றாய். அன்றைக்குத்தான் முதல் தடவை நீ என் முழங்கையைப் பிடித்தாய்.

அதற்கு அடுத்த வாரம் உன்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. பூந்தமல்லிப் பக்கம், நல்ல இடம். அத்தை வாசலில் பெரிய கோலம் போட்டு, கேசரி கிளறி, என் அரக்குப் பட்டை உனக்குக் கட்டிவிட்டார்கள். காப்பித் தட்டை நீ கொண்டுவந்த விதம் எனக்கு மட்டும்தான் புரிந்தது. காலால் தரையைத் தடவித் தடவி வந்தாய். மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு அடக்கமா நடக்குது" என்று பூரித்தார்கள். நீ தட்டைக் கீழே வைத்தாய். நிமிர்ந்து, வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னாய்:

"எனக்குக் கண்ணு போய்க்கிட்டு இருக்குது. இன்னும் கொஞ்ச வருஷத்துல சுத்தமாத் தெரியாது. கேட்டுட்டு முடிவு பண்ணுங்க."

உன் அண்ணனின் வாய் திறந்தபடியே இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா, "இன்னாம்மா சொல்றே நீ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தார்கள். அந்தப் பையன் மட்டும் வாசல்வரை போய்த் திரும்பி, "வைத்தியம் எதுவும் இல்லியாங்க?" என்று கேட்டான். "இல்லீங்க" என்றாய். தலையை ஆட்டிவிட்டுப் போனான். அவ்வளவுதான். கேசரி அப்படியே இருந்தது.

உன் அண்ணன் கத்தினார். "பெத்த தாய்கிட்ட சொல்லல, கூடப் பொறந்தவன்கிட்ட சொல்லல, ஊரான்கிட்ட சொல்ற! வெளிய தலைகாட்ட முடியுமாடி இனிமே?"

"அவங்க வூட்டுல கிணறு எங்க இருக்குதுன்னு எனக்கு யாருண்ணா சொல்லுவா?" என்றாய் நீ.

அவருக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்த அத்தை பேசினார்கள். யாரையும் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு.

"என் தம்பிக்கும் இதாண்டா."

உங்கள் தாய்மாமாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். சின்ன வயதில் கிணற்றில் நீச்சலடிக்கப் போய் முழுகிவிட்டார். வீட்டில் படம் மாட்டிப் பொட்டு வைத்திருந்தார்கள்.

"பொழுது சாஞ்சா செவுத்தப் புடிச்சிக்கினு நடப்பான். மாலைக்கண்ணுன்னு ஆட்டு ஈரல் வாங்கிக் குடுத்தாங்க. நீஞ்சப் போனான்னு நாங்கதான் ஊருக்குச் சொன்னோம். வேட்டி சட்டையோட, மேல்துண்டோட எவன்டா நீஞ்சப் போவான்? சொன்னா எங்க குடும்பத்துல எவன் பொண்ணு குடுப்பான், எவன் எடுப்பான்? இவ சொம்பத் தட்டி வுடுறப்பல்லாம் எனக்கு அவன் ஞாபகம்தான் வரும். பராக்கு பராக்குன்னு நானே சொல்லிக்கினேன். அதுவா இருக்கக் கூடாதுன்னு."

உன் அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நீ அத்தையின் பக்கத்தில் போய் அமர்ந்து அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டாய். என் காதில் மட்டும் ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப விழுந்துகொண்டிருந்தது. குடும்பத்தில். குடும்பத்தில். தாய்மாமாவுக்கு வந்தது, உனக்கு வந்தது. என் மகள்? முதல் வகுப்பில் படிக்கும் என் மல்லிகா? வெளியே தெருவில் அவள் பாண்டி ஆடிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. எழுந்து ஓடினேன். வாசல் கோலத்தை மிதித்து அழித்துக்கொண்டு ஓடி அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணுக்குள் பார்த்தேன். என்ன தெரியும் எனக்கு? பயந்துபோய் அவள் அழ ஆரம்பித்தாள்.

நீ பின்னாலேயே, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாய்.

"அவளுக்கு ஒண்ணும் இல்ல அண்ணி. நான் பாத்துட்டேன்."

"நீ எப்படிப் பாத்த?"

"பொத்தான் ஆட்டம்."

படம் கழுவும் அறைக்கு அவளை அழைத்துப் போய், சிவப்பு பல்பையும் அணைத்துவிட்டு, கம்பளி ஓரத்தில் நூல்போல வெளிச்சம் விட்டு, தரையில் சட்டைப் பொத்தான்களை இறைத்துப் பொறுக்கச் சொல்வாய். உள்ளே அவள் கும்மாளமிடுவாள். நீயும் குழந்தையும் விளையாடுகிறீர்கள் என்று நான் அடுப்படியில் நிம்மதியாக இருப்பேன். அவளுக்கு நாலு வயது ஆனதிலிருந்து நீ அதைச் செய்துகொண்டிருந்தாய். உன் தாய்மாமா கதை உனக்குத் தெரியாது. ஆனாலும் பாடம் படித்தவள் ஆயிற்றே, இரத்தத்தில் வரக்கூடியது என்று உனக்குத் தெரிந்திருந்தது. என் பயத்தை எனக்கு முன்பே நீ பட்டுவிட்டாய், அதுவும் தனியாக.

"இருட்டுல பூனைக்குட்டி அவ. எல்லாப் பொத்தானையும் எடுத்துடுறா. நான்தான் தடவிக்கிட்டு இருப்பேன்" என்று சொன்னபோதுதான் உன் குரல் உடைந்தது. டாக்டரும் பிறகு பார்த்துவிட்டு அதையே சொன்னார். இருந்தாலும் அவள் பெரியவள் ஆகும்வரை வருஷா வருஷம் நீ அந்த ஆட்டத்தை விடவில்லை.

உன் அண்ணன் உன்னோடு மாதக்கணக்கில் பேசவில்லை. ஆனால் அந்த வாரமே இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு தோப்புக்குப் போய், கிணற்றைச் சுற்றிக் கல் நட்டு முள்கம்பி கட்டிவிட்டு வந்தார். உன்னிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. அடுத்த முறை போனபோது நாமே பார்த்தோம். நீ அந்தக் கம்பியை விரலால் தொட்டுத் தொட்டு ஒரு சுற்று சுற்றி வந்தாய்.

அதற்கப்புறமும் பல வருஷம் போனோம், ஞாபகம் இருக்கிறதா? நீ என் முழங்கையைப் பிடித்துக்கொள்வாய். "வேர் வருது. இப்போ கல்லு. கொஞ்சம் பள்ளம்" என்று நான் சொல்லிக்கொண்டே நடப்பேன். கண்ணாடியில் நான் பார்ப்பேன், நேரத்தை நீ எண்ணுவாய். எண்பதுகளின் கடைசியில் குழாயும் மூடிக்கொண்டது. கடைசியாக எடுத்த பெரணிப் படத்தை நீ பார்க்கவே இல்லை. ஈரத்தோடு உன் கையில் கொடுத்தேன். "இலைக்குப் பின்னாடி பொட்டுப் பொட்டா விழுந்திருக்குதா?" என்று கேட்டாய். விழுந்திருந்தது. ஒவ்வொரு பொட்டாகச் சொன்னேன். அதன் பிறகு வீட்டில், கோயிலில், பஸ்ஸில், உன் கடைசிக் காய்ச்சலில் ஆஸ்பத்திரி வராந்தாவிலும்கூட, தரையைச் சொல்லிக்கொண்டு நடப்பதே என் பேச்சாகிவிட்டது.

போன கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குத் தனியாகப் போயிருந்தேன். கால் கழுவக் குளத்தில் இறங்கினேன். "படி. இன்னொரு படி. பாசி, பாத்து" என்று சொல்லிக்கொண்டே இறங்குகிறேன். கீழே குடத்தோடு நின்ற ஒரு அம்மாள் நிமிர்ந்து பார்த்து, "யாராண்டம்மா பேசிக்கினு வர்றீங்க?" என்று கேட்டாள்.

அப்போதுதான் என் முழங்கை உடம்பை விட்டுக் கொஞ்சம் தள்ளி, மடிந்தபடி இருப்பதைக் கவனித்தேன்.

"எங்க நாத்தனாராண்ட" என்றேன்.

அவள் எனக்குப் பின்னால் ஒருமுறை பார்த்தாள். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, படியின் ஓரத்துக்கு நகர்ந்து, இரண்டு பேர் இறங்கும் அளவுக்கு வழிவிட்டாள்.