நகம் மட்டும் எனக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

முதியோர் இல்லங்களை விசாரித்துவிட்டேன். அறைக்கு ஒரு கட்டணம். மருந்து, டயப்பர், பிசியோதெரபி எல்லாம் தனி. வீட்டோடு தங்கி உங்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸம்மாவுக்குக் கொடுப்பதைப்போல இரண்டு மடங்கு ஆகிறது. இல்லம்தான் மலிவு என்று வந்துவிடாதா என்று மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். வரவில்லை.

போன வாரம் போனில், "அவ கை பட்டாலே வலி தெரியலடி" என்றீர்களே, அன்றிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல்.

மறுநாள், நான் வேலை பார்க்கும் இல்லத்தில், ஒன்பதாம் அறை அம்மாவுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். பார்க்க வந்த மகளிடம் அவர் என்னைக் காட்டி, "இவதான் எனக்கு மக மாதிரி" என்றார். அந்த மகளின் முகம் சுண்டிப்போயிற்று. முன்பென்றால் பூரித்துப்போயிருப்பேன். அன்று நகவெட்டியை அவள் கையில் கொடுத்து, "மிச்சத்த நீங்களே வெட்டுங்கக்கா" என்று வெளியே வந்துவிட்டேன்.

நர்ஸம்மாவே இருக்கட்டும். குளிப்பாட்டட்டும், ஊட்டட்டும். உங்கள் நகத்தை மட்டும் அவள் தொட வேண்டாம். இருபது நாளில் லீவில் வருகிறேன், அதுவரை வளரட்டும்.

ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் ஒரே மகள்